நான்கு மஞ்சள் கோடுகள்

அவன் எனக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. டைட்டானியம் போல்ட் தொண்ணூற்றாறு, அதற்கேற்ற நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்து முப்பத்தாறாயிரத்து நானூறு. மூன்று நாள் கூலி, நாளுக்கு ஆயிரத்து எழுநூற்று ஐம்பது என்று ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது. கூட்டிப் பாருங்கள் ஐயா, சரியாக வரும். எழுத்து எனக்கு ஐம்பத்து நான்கு வயதில்தான் வந்தது. கணக்கு அதற்கு முன்பே வரும்.

முதலாளி கொடுத்த அறிக்கையில் இந்தத் தொகை இல்லை. "ஓட்டியவர் தாமே போல்ட்டுகளை மாற்றிக்கொண்டார். பட்டறைக்கு இதில் தொடர்பில்லை. தவறு இறந்தவருடையதே" என்று அதில் இருக்கிறது. அடியில் சாட்சி என்று போட்டு எனக்கு ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் ஸ்டேஷனில் அந்தக் கோட்டைக் காட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க பெரியவரே" என்றீர்கள். நல்ல மனசோடுதான் சொன்னீர்கள். நான் வெள்ளைத்தாள் கேட்டேன். எழுத்தர் சிரித்தார். அவர் நீட்டிய பேனாவை அழுத்தினால் டிக் என்று சத்தம் வந்தது. மூடி போட்ட பேனா வேண்டும் என்றேன். அதற்கும் சிரித்தார். காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறை ஏரிக்கரையில் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, தண்ணீருக்குள் இறங்கும் ஒரு சரிவு. ஜெட்ஸ்கி வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் தொழில். உட்கார்ந்து ஓட்டுவது ஒரு வகை. விடுமுறைக்கு வருகிறவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். நின்றுகொண்டு ஓட்டுவது இன்னொரு வகை. அதற்கு இருக்கை கிடையாது. வண்டியின் மூக்கிலிருந்து ஒரு நீளத் தண்டு பின்னால் வரும், அதன் நுனியில் கைப்பிடி. ஓட்டுகிறவன் அந்தத் தண்டை நம்பித்தான் நிற்கிறான். தண்டை மூக்கோடு பிடித்து வைத்திருப்பது நான்கு போல்ட். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கைக்கயிறு. ஒரு முனை ஓட்டுகிறவன் மணிக்கட்டில், மறுமுனை வண்டியை நிறுத்தும் பொத்தானில். அவன் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வரும், எஞ்சின் அணைந்துவிடும். கயிறு கையில் இல்லையென்றால் ஆள் விழுந்த பிறகும் வண்டி அதுபாட்டுக்குப் போகும். வண்டி கரைக்கு வந்ததும் கயிற்றைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டுவது என் வேலை. பதினெட்டு வருஷமாக மாட்டுகிறேன். மனசு எங்கே இருந்தாலும் கை மாட்டிவிடும்.

அவனை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பட்டறையின் பந்தயக்காரன், முப்பத்தொரு வயது. எடை குறைப்பதில் அவனுக்கு ஒரு பைத்தியம். கழற்றிய போல்ட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போய்த் தராசில் வைப்பான். "சர்க்கரை நிறுக்குற தட்டுல கிரீஸைத் தடவுறியே, நாளைக்கு எவனாவது டீயில பெட்ரோல் வாசம்னு சொன்னா உன்னைத்தான் கையைக் காட்டுவேன்" என்று கடைக்கார அக்கா கத்துவாள். அவன் கேட்க மாட்டான். ஒரு கிராம், இரண்டு கிராம் என்று சுவரில் கரியால் எழுதி வைப்பான்.

"ஸ்டீல் போல்ட்டையெல்லாம் கழட்டிட்டு டைட்டானியம் போட்டா ஒரு கிலோ மிச்சம்ணே" என்றான் போன மாதம்.

"காலையில ஒழுங்கா கக்கூஸ் போயிட்டு வந்தாலே ஒரு கிலோ மிச்சம்டா. அதுக்கு எவனும் பில் போட மாட்டான்" என்றேன்.

பட்டறையே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஆசைதான். முப்பத்தாறாயிரத்துக்கு எங்க போவேன்" என்றான்.

"நான் போட்டுத் தர்றேன். ஜெயிச்சிட்டுக் குடு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரிந்த எழுத்து போதாது. வேண்டாம்ணே, உங்க காசு வேண்டாம்ணே என்று மூன்று நாள் மறுத்தான். நான்காம் நாள் நானே ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். இதையும் எழுதாவிட்டால் கணக்கு நேராகாது. மதியத்தில் காற்று எழும்பினால் தண்ணீர் கலைந்துவிடும், வண்டி இறக்க முடியாது. அந்த ஒன்றரை மணி நேரம் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் படுத்துக் கிடப்போம். என் மகன் போன அடுத்த வருஷம், அப்படியொரு மதியத்தில் ஒல்லி ஒரு நோட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எழுதப் படிக்கக் கத்துக்கலாமாண்ணே?"

"கத்துக்கிட்டு நான் என்ன வக்கீலாவா ஆகப்போறேன்? விரலெல்லாம் தடிச்சுப்போச்சுடா."

"ஸ்பானர் பிடிக்கிற விரலுக்குப் பேனா ஒரு கனமா?"

என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு 'ட' போட்டான். முதல் எழுத்து அதுதான்; 'அ' இல்லை. வளைவு எனக்கு வராது, நேர்க்கோடு வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ட, அடுத்தது ப. ஒரு மாதம் கழித்துத்தான் வளைவுக்கே போனோம்.

பக்கத்தின் மேலே ஒரு வரி எழுதித் தருவான். கீழே நான் அதைப் பத்துத் தடவை எழுத வேண்டும். எல்லாம் பட்டறையைப் பற்றிய வரிகள். பம்பு மூடி இறுக்கமாக இருக்கிறது. காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கயிறு கையில் இருக்க வேண்டும். இப்படி. வாரத்துக்கு ஒரு பக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் வரியின் கடைசி வார்த்தைக்கு வரும்போது முதல் வார்த்தை மறந்திருக்கும் ஐயா. மூட்டையோடு ஏணியில் ஏறுகிறவன் அடுத்த படியைத்தான் பார்ப்பான், ஊரைப் பார்க்க மாட்டான். நான் எழுத்தைப் பார்த்தேன். வரியைப் பார்க்கவில்லை. "வீட்டுல போய் நிதானமா படிச்சுப் பாருங்கண்ணே" என்பான் ஒவ்வொரு தடவையும். பார்க்கிறேன் என்பேன். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவனுக்கு வீட்டில் போய் நோட்டைத் திறக்க எங்கே தெம்பு? மறுநாள் காலையில் வந்ததும் அவன் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பான். பாடம் மண்டையில் ஏறியதா என்று பார்க்கிறான் என நினைத்துக்கொள்வேன்.

இப்போது என் மகன். இருபத்து நான்கு வயது. அதே பட்டறையில் மிதவை கட்டுகிற வேலை. ஓட்டப்பாதையைக் காட்டுவதற்கு மார்பளவு தண்ணீரில் நின்று சிவப்பு மிதவைகளைக் கட்டி நிறுத்துவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது வண்டி வந்து மோதியது. வண்டியில் ஆள் இல்லை. ஒல்லி நாற்பது அடி பின்னால் தண்ணீரில் தலையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தான். மகனைத் தூக்கி வந்தவர்கள் வேறு ஆட்கள். வண்டியைக் கரைக்கு இழுத்தவன் நான். யாராவது இழுத்தாக வேண்டும் அல்லவா? கைக்கயிறு கைப்பிடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிந்திருந்தது. அதை அவிழ்த்து, உதறி, ஆணியில் மாட்டினேன். என் மகனைப் பத்தடி தள்ளிக் கிடத்தியிருந்தார்கள். நான் கயிற்றை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் கைப்பிடியில் சுற்றியிருக்கிறது என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன். யாரோ எடுத்துச் சுற்றியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டேன். முதலாளி ஒரு தாளைக் கொண்டுவந்து, "விபத்துன்னு எழுதியிருக்கேன்" என்றார். விபத்துதானே. கட்டைவிரலை வைத்தேன். ஐம்பதாயிரம் கொடுத்தார். "அந்தக் காசுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடுத்தாலும் எனக்கு இறங்காது" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள். பணம் வங்கியில் அப்படியே கிடந்தது. போல்ட்டுக்கு எடுக்கும்வரை அதில் ஒரு காசு தொடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் ஒல்லி அலுவலக அலமாரிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "இன்னிக்கு நோட்டு வேணாம்ணே. ஃபைல் மேல இருக்குற பேரையெல்லாம் படிங்க. உள்ள இருக்குறதையும் படிங்க, பழக்கமாகும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். முதலாளி ஊரில் இல்லாத நாள். நான்காவது ஃபைலில் என் மகன் பெயர் இருந்தது.

ஒரு பக்கத்தைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. இறந்தவர் அனுமதியின்றி ஓட்டப்பாதைக்குள் இறங்கினார். ஓட்டியவர் விழுந்ததும் கைக்கயிறு முறைப்படி வேலை செய்தது. தவறு இறந்தவருடையதே. கீழே ஒல்லியின் கையெழுத்து. அதற்குக் கீழே என் கட்டைவிரல் ரேகை, ஒரு கோடு அழியாமல் நன்றாக விழுந்திருந்தது.

அவன் திரும்பி வந்து வாசலில் நின்றான். "படிச்சீங்களாண்ணே?"

"பேரு மட்டும் படிச்சேன். உள்ள பொடி எழுத்து, கண்ணு தெரியல."

 "சரிண்ணே. இன்னொரு நாள் படிக்கலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான். படிக்கத் தெரியாதவன் என்று நினைத்துத் திருட்டையே என் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறான், என்ன நெஞ்சழுத்தம் என்று அன்று எண்ணினேன்.

எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. நீங்கள் இதை நம்ப வேண்டும். கோபக்காரன் அன்றைக்கே ஸ்பானரை எடுத்து மண்டையில் போட்டிருப்பான். நான் ஏழு மாதம் வேலைக்குப் போனேன், பாடத்துக்கும் உட்கார்ந்தேன், அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். அவன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் வேண்டிக்கொள்ளவில்லை. கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்று மட்டும் தோன்றிக்கொண்டிருந்தது. பிறகு அவன் டைட்டானியம் என்றான்.

இந்த உலோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையில் எடுத்தால் போல்ட்டின் சாயலில் செய்த பொம்மை மாதிரி கனமே இருக்காது. துருப்பிடிக்காது. ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு. டைட்டானியம் போல்ட்டை டைட்டானியம் நட்டில் வெறுமையாக முறுக்கினால் மரை மரையோடு உரசி ஒட்டிக்கொள்ளும். அதற்காக வெள்ளி நிறத்தில் ஒரு பேஸ்ட் இருக்கிறது, மரையில் பூசி முறுக்க வேண்டும். பூசாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். நாங்கள் முறுக்குவது டார்க் ரெஞ்சில். தேவையான இறுக்கம் வந்ததும் அது டிக் என்று சொல்லும். மரை ஒட்டிக்கொண்டு மறுத்தாலும் அந்த ரெஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது. அப்போதும் டிக் என்றுதான் சொல்லும். போல்ட் இறுகியிருக்காது. தண்டுக்கும் மூக்குக்கும் நடுவே பிடிப்பு இருக்காது. பார்க்கிறவனுக்கு எல்லாம் சரி. அலை அடிக்க அடிக்க உள்ளே இம்மி இம்மியாக ஆடும். ஆடி ஆடி ஒரு நேரத்தில் போல்ட் முறியும்.

தொண்ணூற்று இரண்டு போல்ட்டை நியாயமாகப் போட்டேன். பம்புக்கு, அடித்தட்டுக்கு, எஞ்சின் தாங்கிக்கு, எல்லாவற்றுக்கும் பேஸ்ட் தடவி, முறுக்கி, டிக் கேட்டு, ஒவ்வொரு தலையின் குறுக்கேயும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். இறுக்கிவிட்டேன் என்பதற்கு அது என் அடையாளம். போல்ட் அசைந்தால் கோடு உடைந்து தெரியும். "அண்ணன் கோடு போட்டா அது சாசனம்" என்று ஒல்லி வெளி ஆட்களிடம் பெருமையடிப்பான். வண்டி இறக்குமுன் ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொள்வான்.

மூன்றாம் நாள் தண்டின் நான்கு போல்ட் மிச்சம். இரண்டு நாள் வேலையில் என் கையெல்லாம் வெள்ளி. அந்தப் பேஸ்ட் லேசில் போகாது. மண்ணெண்ணெயில் கழுவினேன், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன், நக இடுக்கைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன். அழுக்குக் கையோடு தொட்டால் மரையில் கொஞ்சம் ஒட்டிவிடும் அல்லவா? நான்கு போல்ட்டையும் ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். நான்கு நட்டையும் துடைத்தேன். முறுக்கினேன். டிக். டிக். டிக். டிக். நான்கு மஞ்சள் கோடு இழுத்தேன். கோணாத கோடுகள்.

நான் எந்தப் போல்ட்டையும் தளர்த்தவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்யாமல் விட்டது ஒரு சின்னக் குழாயின் மூடியைத் திறக்காததுதான்.

பந்தயத்தன்று காலையில் அவன் கோடுகளைத் தொட்டு எண்ணினான். தொண்ணூற்றாறு. எழுந்து, "தண்டுக்குப் பேஸ்ட் போட்டாச்சாண்ணே?" என்றான். வழக்கமாகக் கேட்பதுதான்.

"போட்டாச்சு."

அவன் என் கையைப் பார்த்தான். "கை சுத்தமா இருக்கே?"

"கழுவிட்டேன்."

இன்னும் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவன் அவன். அது எதில் எத்தனை நாள் கறைபடும் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும்.  கையுறையைப் போட்டான், கைக்கயிற்றை மணிக்கட்டில் மாட்டினான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். என் மகனுக்குப் பிறகு அவன் அப்படித்தான் செய்வான். பிறகு தண்ணீரில் இறங்கினான். தெரிந்துதான் போனான் ஐயா. பார்த்தான், புரிந்துகொண்டான், போனான். என் பங்குக்கு நான் செய்தேன், அவன் பங்குக்கு அவன் ஒப்புக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது சரியாகிவிட்டது என்று நான் சரிவில் நின்று நினைத்தேன்.

மூன்றாவது சுற்றில், திருப்பத்தில், தண்டு அவன் கையோடு வந்துவிட்டது. அவன் முன்னால் விழுந்தான். வண்டியின் மூக்கு எழும்பி அவன் கழுத்தில் அடித்தது. கயிறு பிடுங்கியது. எஞ்சின் உடனே அணைந்தது. அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியில் வண்டி அவன் பக்கத்திலேயே, சொன்ன பேச்சுக் கேட்டது போல, மிதந்துகொண்டு நின்றது. வண்டியைக் கரைக்கு இழுத்தவன் இந்தத் தடவையும் நான்தான். அவனைக் கிடத்திய இடத்தில் குனிந்து மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றினேன். உதறி ஆணியில் மாட்டினேன். மாட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன்.

அன்றிலிருந்து டிக் என்று கேட்கிறது. கதவுக் கொண்டியில், டப்பா மூடியில், பேனாவில். எப்போதும் நான்கு தடவை. மூன்றோடு நிற்காது, ஐந்துக்குப் போகாது.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவன் உனக்குத் தர வேண்டியதை நான் தர்றேன். கணக்குல அந்தப் பாக்கி இருக்க வேணாம். நீ அந்த வண்டியைத் தொடவே இல்ல. புரியுதா?" ஒரு வார்த்தை விசாரிக்காமல் என்னைக் காப்பாற்றினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனையும் இப்படித்தான் காப்பாற்றியிருப்பார் என்று அப்போது தோன்றியது. அறிக்கையை எழுதி என்னிடம் நீட்டினார். தவறு இறந்தவருடையதே. அதே வரி, அதே எழுத்து, ஒரு புள்ளி மாறவில்லை. நாளைக்குப் போடுகிறேன் என்றேன். போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் மதியம், காற்று எழும்பியிருந்த நேரம், ஒல்லியின் அக்கா பட்டறைக்கு வந்தாள். அவனுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். தையல் வேலை செய்கிறவள், விரலில் இன்னும் நூல் சுற்றியிருந்தது. ஒரு உறையை என் மடியில் வைத்தாள்.

"நாப்பத்தோராயிரத்து அறுநூத்தம்பது இருக்குண்ணே. எண்ணிக்கோங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் முதல் காசு அண்ணனுக்குத்தான்னு சொல்லிட்டே இருந்தான். மெஷினை வித்துட்டேன்."

"மெஷினை ஏன்மா வித்தே?"

"இன்னொரு மெஷின் கிடைக்கும். அவன் கடன் நிக்கக் கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கோடு இருந்துச்சுல்லண்ணே? கோடு இருந்தா அவன் பயப்பட மாட்டானே. பின்ன எப்படிண்ணே?"

 அவள் கிளம்ப எழுந்தாள். வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த நோட்டைப் படிச்சீங்களாண்ணே?"

"எந்த நோட்டு?"

"உங்களுக்கு எழுதிக் குடுப்பானே. வாயால சொல்லத் தைரியம் வரலக்கா, அதான் அவருக்குப் படிக்கச் சொல்லித் தர்றேன், அவரே ஒரு நாள் படிச்சிருவாருன்னு சொல்வான். வாராவாரம் கேப்பேன், படிச்சாராடான்னு. இன்னும் இல்லக்கான்னுட்டுச் சாப்பிடாமப் படுத்துருவான். என்னண்ணே எழுதியிருந்தான்?"

நோட்டு என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் கிடந்தது. அவள் போன பிறகு எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பம்பு மூடி, கிழக்குக் காற்று, இவற்றுக்கு நடுவில் ஒன்றாக, நடுவில் ஒன்றாக, ஐந்து வருஷத்து வரிகள்.

கயிறு கையில் இருக்க வேண்டும்.

அன்று கயிறு என் கையில் இல்லை.

மணிக்கட்டு வலித்தது, கைப்பிடியில் சுற்றி வைத்தேன்.

அவன் மிதவை கட்டிக்கொண்டிருந்தான்.

நான் விழுந்தேன், வண்டி நிற்கவில்லை.

தாளில் எழுதியது பொய், நானும் கையெழுத்துப் போட்டேன்.

தவறு என்னுடையது.

ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் பத்துத் தடவை என் கையெழுத்து. என் மகன் எப்படிச் செத்தான் என்பதை நானே பத்துப் பத்துத் தடவையாக எழுதியிருக்கிறேன், எழுத்து வரியை விட்டு இறங்காமல், நாக்கைத் துருத்திக்கொண்டு. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். 'ன' சுழி நன்றாக வருகிறது என்று சொல்லியிருக்கிறான்.

கடைசிப் பக்கம் போல்ட் வருவதற்கு முந்தின வாரம் எழுதியது. 'படித்துவிட்டால் என்னிடம் சொல்லுங்கள்' என்பது அவன் வரி. அதையும் பத்துத் தடவை எழுதி மூடி வைத்திருக்கிறேன்.

ஐயா, மேலே ஒரு இடத்தில் அவன் தெரிந்துதான் போனான் என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் பார்த்தேன், தாள் கிழிந்துவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன். அவன் என் கையைப் பார்த்தது உண்மை. அதில் என்ன தேடினான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்து போனான் என்பது என் வசதிக்கு நான் எழுதிக்கொண்டது. கோபம் இல்லை என்பதும் அப்படித்தான். பேஸ்ட் போட்டாச்சா என்று கேட்டான். போட்டேன் என்று சொன்னேன். போடவில்லை. அவன் நம்பினான். அவனை நான்தான் கொன்றேன். முதலாளியின் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தவறு இறந்தவருடையது அல்ல. இதை என் மகனுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

உறையை இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். எண்ணவில்லை. அந்தப் பெண்ணிடம் கொடுத்து மெஷினைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் இந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். வாயால் சொல்ல எனக்கும் வராது. நோட்டும் இருக்கிறது. அவன் வண்டியின் தண்டிலிருந்து கழற்றிய பழைய ஸ்டீல் போல்ட் நான்கும் ஒரு துணியில் முடிந்திருக்கிறது. இன்னும் பத்து வருஷம் தாங்கும்.

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது, தள்ளுபடி. அவன் எனக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை.

படித்துவிட்டேன் தம்பி.